பதில் சொன்னவர்களின் கருத்து மட்டுமே

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்கிறது. சென்னை உட்பட 19 நகரங்களில் ஆறாயிரம் வீடுகள் அளவில் ஆளனுப்பி, "விலைவாசி எப்படி?" என்று கேட்கிறது. இந்த நாட்டில் ஓட்டு கேட்க வருகிறவர்களைத் தவிர வேறு யாராவது வந்து நம்மை ஏதாவது கேட்கிறார்களே என்று நாம் சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

வியாசர்பாடியில் ஒரு வீட்டு வாசலில் கணக்கெடுக்கிற பையன் நிற்கிறான் என்று வையுங்கள்.

"அக்கா, விலைவாசி இப்ப எத்தன சதவீதம் ஏறியிருக்குன்னு நெனைக்கிறீங்க?"

"சதவீதமெல்லாம் எனக்கு எங்கப்பா தெரியும். போன வருஷம் ரெண்டாயிரத்துக்கு வந்த மளிகை இப்ப வரல. அவ்ளோதான்."

"ஏதாச்சும் ஒரு நம்பர் சொல்லுங்கக்கா. ஒண்ணுக்குக் கீழேருந்து பதினாறு வரைக்கும் கட்டம் இருக்கு."

"பதினாறுக்கு மேல போச்சுன்னா?"

"அதுக்கு மேல எவ்ளோ போனாலும் ஒரே கட்டம்தான்க்கா."

பையன் எழுதிக்கொண்டு போகிறான். எல்லார் வீட்டுப் பதிலையும் கூட்டிக் கழித்து மும்பையில் ஓர் அறிக்கை வருகிறது. அந்த அறிக்கையில் ஒரு குறிப்பும் உண்டு: இவை பதிலளித்தவர்களின் கருத்துகள், ரிசர்வ் வங்கிக்கு இதே கருத்து இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. வீடு தேடி வந்து, மணியடித்து, உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, "நீ சொன்னதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது ஒரு தனிக் கலை. பத்திரிகைகளில் வாசகர் கடிதப் பகுதியின் கீழே இப்படிப் போடுவோம். அவதூறு வழக்குக்குப் பயந்து போடுவது அது. வியாசர்பாடி அக்கா மேல் யார் வழக்குப் போடப்போகிறார்கள், தக்காளியா?

2025 ஜூலையில் அரசுக் கணக்குப்படி சில்லறைப் பணவீக்கம் 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பொருளாதார நிபுணர்கள் தொலைக்காட்சியில் சிரித்த முகத்தோடு வந்தார்கள். அதே மாதத்தில் அதே ரிசர்வ் வங்கி ஆளனுப்பிக் கேட்டபோது, மக்கள் சொன்ன எண் 7 சதவீதத்துக்கும் மேல். ஒரே நாடு, ஒரே மாதம், இரண்டு விலைவாசி.

இதற்கு நிபுணர்களிடம் விளக்கம் இருக்கிறது. அடிக்கடி வாங்கும் பொருளின் விலையே மனிதர்களுக்கு நினைவில் தங்குமாம். குறைந்ததை மறந்துவிட்டு ஏறியதையே நினைத்துக்கொண்டிருப்பார்களாம். பொய்யென்று சொல்லமாட்டேன். ஏறும் வேகம் குறைந்தாலும் ஏறிய விலை இறங்காது என்ற கணக்கும் சரியான கணக்குதான். ஆனால் இந்த விளக்கம் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்: தினமும் வாங்கும் பொருளை நினைப்பது அக்காவின் மனக்கோளாறு. ஆறு வருடத்துக்கு ஒருமுறை வாங்கும் ஃபிரிட்ஜை நினைத்துக்கொண்டு ரசத்துக்குப் புளி கரைத்திருந்தால் அவர் அறிவாளியாகியிருப்பார்.

அரசின் பட்டியல் எதை நினைத்துக்கொண்டிருந்தது தெரியுமா? 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட விலைக் குறியீட்டுப் பட்டியலில் டேப் ரெக்கார்டரும் ஆடியோ, வீடியோ கேசட்டும் வி.சி.ஆரும் பத்தாண்டுக்கு மேல் குடியிருந்தன. 2011-12இல் குடும்பங்கள் எதற்குச் செலவழித்தன என்று எடுத்த கணக்கை வைத்துப் போட்ட பட்டியல் அது. பிறகு ஏன் மாற்றவில்லை? மாற்றுவதற்கு 2017-18இல் புதுக் கணக்கு எடுக்கத்தான் செய்தார்கள். அதில் வந்த பதில் பிடிக்கவில்லை. தலைக்குச் செலவு கூடுவதற்குப் பதில் 3.7 சதவீதம் குறைந்திருக்கிறது என்ற விவரம் 2019 நவம்பரில் ஒரு நாளிதழில் கசிந்தது. உடனே அரசு சொன்னது: கணக்கின் தரம் சரியில்லை, வெளியிடமாட்டோம். பணமதிப்பிழப்பும் அவசர ஜிஎஸ்டியும் முதுகில் ஏறிய காலத்தில் மக்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள் என்று சொன்ன அறிக்கை தரமற்றது; கேசட் விலையை விசாரித்துக்கொண்டிருந்த பட்டியல் தரமானது.

அதே 2019இல் வேலைவாய்ப்புக் கணக்குக்கும் இதே மரியாதை நடந்தது. வேலையின்மை 6.1 சதவீதம், 45 ஆண்டுகளில் இல்லாத உயரம் என்று ஜனவரியில் கசிந்தது. அறிக்கைக்குத் தாங்கள் ஒப்புதல் அளித்த பிறகும் வெளியிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் இரண்டு பேர் பதவி விலகினார்கள். அது வெறும் வரைவு என்று அரசு சாதித்தது. தேர்தல் முடிந்து, ஓட்டு எண்ணி, பதவியேற்றதும், மே 31 அன்று அறிக்கை வெளியே வந்தது. எண் அதேதான்: 6.1. நான்கு மாதம் வரைவாகவே இருந்த எண், ஒரு பதவியேற்பு விழாவைப் பார்த்ததும் புள்ளிவிவரமாகிவிட்டது.

இதையெல்லாம் பார்க்கும்போது, ஆள்கிறவர்களுக்கு மக்கள் மனம் தெரியவில்லை என்று சொல்கிறவர்களின் வெகுளித்தனத்தை நினைத்து எனக்கு அழுகை வருகிறது. நன்றாகத் தெரியும். அறிக்கையாகக் கட்டிவைத்து, எதைப் பூட்டவேண்டும், எதை எப்போது திறக்கவேண்டும் என்பதுவரை தெரியும்.

இதன் உச்சம் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை. உணவு விலை மட்டும்தான் தொந்தரவு செய்கிறது. வட்டி விகிதத்தைக் கூட்டிக் குறைத்து அதைக் கட்டுப்படுத்தவும் முடியாது. எனவே பணவீக்க இலக்கிலிருந்து உணவை விலக்கிவிடலாமா என்று யோசிக்கலாம் என்றது அறிக்கை. ஏழைகளுக்கு நேரடிப் பணமோ கூப்பனோ கொடுத்துச் சமாளிக்கலாம் என்று ஒரு வரியும் உண்டு. வட்டியால் தக்காளி விளையாது என்ற அளவுக்கு அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்போதைய குறியீட்டில் ஏறத்தாழ 46 சதவீதம் உணவும் பானமும். சம்பளத்தில் பாதி சோற்றுக்குப் போகிற நாட்டில் சோற்றை எடுத்துவிட்டுப் பார்த்தால் விலைவாசி எவ்வளவு அழகாக இருக்கிறது! இந்த வைத்தியத்தை அப்படியே மற்றதற்கும் நீட்டலாம். வேலையில்லாதவர்களை எடுத்துவிட்டால் வேலையின்மை பூஜ்யம்.

சரி, மக்கள் என்ன கேட்கிறார்கள்? 2024 தேர்தலுக்கு முன் லோக்நிதி-சிஎஸ்டிஎஸ் எடுத்த கருத்துக்கணிப்பில் மக்கள் முதலில் சொன்ன பிரச்சினை வேலையின்மை, 27 சதவீதம். அடுத்தது விலைவாசி, 23 சதவீதம். ராமர் கோயிலை முதல் விஷயமாகச் சொன்னவர்கள் 8 சதவீதம். வேலை கிடைப்பது முன்பைவிடக் கடினமாகிவிட்டது என்றவர்கள் 62 சதவீதம். தேர்தல் முடிந்து வந்த பட்ஜெட்டில் பதில் கிடைத்தது. வேலை கேட்டவர்களுக்கு வேலைப் பயிற்சி: ஐந்தாண்டில் ஒரு கோடிப் பேருக்கு, முன்னணி 500 கம்பெனிகளில், மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையில். முதல் சுற்றில் போய்ச் சேர்ந்தவர்கள் பத்தாயிரம் பேரைக்கூட எட்டவில்லை. பட்டம் வாங்கிய பிள்ளையை, கட்டடத்தில் சித்தாள் வேலைக்குப் போகிற அம்மாவின் மாதக் கூலியில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து 'திறன்' கற்கச் சொன்னால், அவன் டெலிவரி பையை மாட்டிக்கொண்டு பைக்கை உதைக்கத்தான் செய்வான். உடனே அதையும் 'சுயதொழில்' என்று கணக்கில் ஏற்றிக்கொள்வார்கள்.

கொடுக்கத் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்லவும் முடியாது. 2019 என்ற அந்த ஒரே வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சக் கூலிக்குத் தேசிய அளவில் தரைமட்டம் நாளொன்றுக்கு 375 ரூபாயாக இருக்கவேண்டும் என்று அரசே போட்ட நிபுணர் குழு அந்த ஆண்டின் தொடக்கத்தில் சொன்னது. அப்போதிருந்தது 176. ஜூலையில் அரசு தீர ஆலோசித்து அதை 178 ஆக்கியது. இரண்டு ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு டீ வேண்டாம், டீக்கடையில் ஒரு பொறை பிஸ்கட் வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை காலை. கோவாவில் நிதியமைச்சர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார். கம்பெனி வரி 30இலிருந்து 22 சதவீதம்; புதிய ஆலை தொடங்கினால் 15. நாடாளுமன்றம் கூடும்வரைகூடக் காத்திருக்காமல் அவசரச் சட்டம். அரசே சொன்ன வரி இழப்பு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய். அன்றைக்கே சென்செக்ஸ் 1,921 புள்ளி துள்ளியது. இதைச் செய்யச் சொல்லி எந்த ஊரில் எந்த மக்கள் மறியல் செய்தார்கள்? எந்தக் கருத்துக்கணிப்பில் எத்தனை சதவீதம் பேர் "கம்பெனி வரிதான் என் முதல் கவலை" என்றார்கள்? கூலிக்காரனுக்கு நிபுணர் குழு, அந்தக் குழுவின் மேல் ஆலோசனை, ஆலோசனையின் மேல் இரண்டு ரூபாய். கம்பெனிக்கு ஒரு வெள்ளிக்கிழமை போதும்.

வரி மிச்சமானால் முதலீடு வரும், முதலீடு வந்தால் வேலை வரும் என்பது அன்றைக்குச் சொன்ன காரணம். வந்ததா என்று என்னைக் கேட்கவேண்டாம், நிதியமைச்சரையே கேளுங்கள். 2022 செப்டம்பரில் தொழிலதிபர்கள் கூட்டத்தில் அவரே கேட்டார்: வெளிநாட்டுக்காரர்கள் நம்பிக்கையோடு வருகிறார்கள், உங்களைத் தடுப்பது எது? தன் பலம் தனக்கே தெரியாத அனுமனைப் போல் இருக்கிறீர்களா, பக்கத்தில் ஒருவர் நின்று நினைவூட்டவேண்டுமா? ராமாயணத்தில் ஜாம்பவான் சொன்னதும் அனுமன் கடலைத் தாண்டினான். நம்முடைய அனுமன்கள் வடையை வாங்கிக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே கணக்குக் கொடுக்கிறது: 2020 நிதியாண்டுக்கும் 2023 நிதியாண்டுக்கும் இடையில் 33,000க்கும் மேற்பட்ட கம்பெனிகளின் வரிக்கு முந்தைய லாபம் ஏறத்தாழ நான்கு மடங்கு; ஆள் எடுப்பதும் சம்பளமும் அந்த வேகத்தில் வரவில்லை. இப்போது தனிநபர்கள் கட்டும் வருமான வரி, கம்பெனிகள் கட்டும் வரியைத் தாண்டிவிட்டது. அனுமன்களுக்கு வால் குறைந்தது; நமக்கு வால் முளைத்திருக்கிறது.

மக்கள் கருத்துக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. மதிப்பு உண்டு, காலாவதித் தேதியோடு. பெட்ரோலைப் பாருங்கள். 2020இல் கச்சா எண்ணெய் சீந்துவாரில்லாமல் கிடந்தது. மார்ச்சில் ஒருமுறையும், ஊரடங்கில் சம்பளம் போய் நாடே நடந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த மே மாதத்தில் இன்னொருமுறையும் கலால் வரியை ஏற்றி பெட்ரோல் லிட்டருக்கு 32.98 ரூபாய் ஆக்கினார்கள். 2014இல் அது 9.48. விலையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது, எங்கள் கையில் ஒன்றுமில்லை என்பது நிரந்தர வசனம். அந்தச் சந்தை 2021 நவம்பரிலிருந்து உத்தரப் பிரதேசத் தேர்தல் முடியும்வரை நான்கு மாதத்துக்கும் மேல் மூச்சுக்கூட விடவில்லை. ஓட்டு எண்ணி முடித்த பன்னிரண்டாம் நாள் எழுந்து நடமாடத் தொடங்கியது. 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பதற்கு ஒரே நாள் முன்னால், லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைந்தது. மறுபடியும் அதே இரண்டு ரூபாய்! கூலியில் ஏறினாலும் பெட்ரோலில் இறங்கினாலும் நம் விலை அவர்கள் கணக்கில் மாறுவதேயில்லை.

தேர்தல் இல்லாத மாதத்தில் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதைக் கோயம்புத்தூர் பார்த்திருக்கிறது. 2024 செப்டம்பரில் தொழில்முனைவோர் கூட்டத்தில் ஓர் உணவக உரிமையாளர் நிதியமைச்சரிடம் கொங்குத் தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னார்: பன்னுக்கு ஜிஎஸ்டி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர்கள் பன்னையும் கிரீமையும் தனித்தனியாகக் கொடு, நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அரங்கம் சிரித்தது, தமிழ்நாடே சிரித்தது. அடுத்த நாளே அவர் அமைச்சரைத் தனியாகச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். அந்தச் சந்திப்பின் வீடியோ ஊரெல்லாம் ஓடியது. அதை வெளியிட்டது தவறு என்று அமைச்சரின் கட்சியே பிறகு வருத்தம் தெரிவித்தது. மூன்று மாதம் கழித்து ஜிஎஸ்டி கவுன்சில் ஜெய்சல்மேரில் கூடி பாப்கார்னை ஆராய்ந்தது: உப்புப் போட்டால் 5, பொட்டலம் கட்டி பிராண்ட் ஒட்டினால் 12, சர்க்கரைப் பாகில் புரட்டினால் 18. கிரீம் பன்னைக் கேலி செய்தவர்களுக்குக் கவுன்சில் கொடுத்த தண்டனை என்றே இதை நான் எடுத்துக்கொண்டேன்.

2025 செப்டம்பரில் கேக்கும் பிஸ்கட்டும் பேக்கரிப் பண்டங்களும் 5 சதவீதத்துக்கு இறங்கின. தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மேல் எட்டு ஆண்டுகளாக வாங்கிய 18 சதவீதமும் போனது. நோயாளியாகலாம் என்ற பயத்துக்கு வரி போடாதீர்கள் என்று எத்தனை பேர் எத்தனை வருடம் கத்தினார்கள். அமைச்சரவை சகாவே கடிதம் எழுதினார். எடுத்தபோது தவறு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை உண்டா? 'சேமிப்புத் திருவிழா' என்று பெயர் சூட்டி, கொண்டாடச் சொன்னார்கள். எட்டு வருடம் பையில் கைவிட்டவர் கையை எடுத்ததற்கு நாம் மேளம் கொட்டவேண்டும். கிரீம் பன்காரர் அப்போது சொன்னது சரி என்று சட்டமே சொல்லிவிட்டது. அவர் கேட்ட மன்னிப்பைத்தான் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

டெல்லியை மட்டும் திட்டிவிட்டுப் போனால் சென்னைக்கு மனம் வருத்தப்படும். 2021இல் தமிழ்நாட்டில் ஆட்சியைப் பிடித்தவர்கள் தங்கள் தேர்தல் அறிக்கையில் மின்சாரத்தை மாதாமாதம் கணக்கெடுப்போம் என்றார்கள். இரண்டு மாதத்துக்குச் சேர்த்து ரீடிங் எடுத்தால் யூனிட் கூடி மேல் ஸ்லாபில் விழுந்து பில் எகிறுகிறது என்பது ஒவ்வொரு வீட்டுப் புலம்பல். அதைச் சரியாகக் காதில் வாங்கித்தான் வாக்குறுதியில் சேர்த்தார்கள். ஆட்சிக்கு வந்ததும் பதில்: ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியபின் பார்க்கலாம். நல்லது. 2022 செப்டம்பரிலும் 2024 ஜூலையிலும் வீட்டு மின்கட்டணம் உயர்ந்தது. அதற்கு ஸ்மார்ட் மீட்டர் தேவைப்படவில்லை. பழைய மீட்டரே போதுமான புத்திசாலியாக இருந்தது. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் என்று மேடையில் சொன்னது, அரசாணையில் ஏறும்போது 'தகுதி வாய்ந்த' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டது. ஓட்டுப் போடும்போது அந்தத் தலைவிகளிடம் யாரும் தகுதிச் சான்று கேட்கவில்லை.

கடைசியாக ஒரு தொகை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியவருக்கு, 80 வயது ஆகும்வரை, மத்திய அரசு மாதம் கொடுக்கும் ஓய்வூதியம் 200 ரூபாய். தமிழ்நாட்டில் 1,200 ரூபாய் வருகிறதே என்றால், மிச்சத்தை மாநிலம் போடுகிறது. 2007இல் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயரை வைத்து காங்கிரஸ் அரசு விரிவாக்கியபோதும் 200. பெயரை மாற்றுவதில் பெயர்பெற்ற அடுத்த அரசிலும் 200. உயர்த்துங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்றுக்குப் பலமுறை எழுதிவிட்டது. தொழிலாளர் வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் ஆனது; அதுவும் அங்கேயே நிற்கிறது. நிதி இல்லை, பற்றாக்குறை எல்லை தாண்டும், எல்லாம் யோசித்துச் செய்யவேண்டும்.

இதற்கு நடுவில் 2018இல் நாடாளுமன்றம் தனக்கென்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. உறுப்பினர்களின் சம்பளமும் ஓய்வூதியமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டையொட்டித் தானாகவே ஏறும். அதன்படி 2025 மார்ச்சில் மாதச் சம்பளம் 1 லட்சத்திலிருந்து 1.24 லட்சம்; முன்னாள் உறுப்பினர் ஓய்வூதியம் 25,000இலிருந்து 31,000. அதுவும் 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு, நிலுவையோடு. நிபுணர் குழு, கருத்துக்கணிப்பு, கூப்பன் எதுவும் இல்லை. இவர்கள் விஷயத்தில் விலைவாசி ஏறுவது மனப்பிரமை என்று எந்தப் பொருளாதார நிபுணரும் விளக்கம் கொடுக்கவில்லை.

உங்கள் தொகுதி எம்.பி. கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ நிச்சயம் வருவார். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, மாலை போடுவதற்கு முன்னால் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: விலைவாசியோடு சேர்ந்து உங்கள் சம்பளம் ஏற ஒரு சட்டம் போதுமாக இருந்ததே, எங்கள் பாட்டியின் 200 ரூபாய்க்கு அதே சட்டத்தில் ஒரு வரி சேர்க்க எது தடுத்தது? பதில் வரும்வரை மாலையைக் கையிலேயே வைத்திருங்கள்.